வெந்நீருக்கு எந்தக் கீசர்? வாங்குமுன் ஒரு கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் நம் காஞ்சிப் பகுதியில் வீட்டுக்கு வீடு வெந்நீர்ப் பேச்சு தொடங்கிவிடும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ராஜாஜி மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, ஆறு மணிக்குள் கடை திறக்க வேண்டிய மளிகை வியாபாரிக்கு வெந்நீர் ஆடம்பரம் அன்று. வீட்டில் முதியவர் இருந்தால், கைக்குழந்தை இருந்தால், அது அவசியமும் ஆகிறது.

நம் பெற்றோர் காலத்தில் புழக்கடையில் வெந்நீர் அடுப்பும், அதன்மேல் செம்பு அண்டாவும் இருந்தன. பிறகு கரி போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் வந்தது. அதன்பின் வாளியில் போடும் ஹீட்டர் ராடு. இப்போது திருப்பருத்திக்குன்றத்தில் குழித்தறி உள்ள நெசவாளர் வீட்டிலும் குளியலறைச் சுவரில் கீசர் தொங்குகிறது. ஆனால் எதை வாங்குவது என்று கேட்டால், "கடைக்காரர் இதைத்தான் சொன்னார்" என்பதே பெரும்பாலோர் பதில். கொத்தமல்லியையும் துவரம்பருப்பையும் கையில் எடுத்துப் பார்த்து விலை பேசும் நாம், சில ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கும் இந்தப் பொருளில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை இங்கே சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

இரண்டு வகை, இரண்டு வியாபாரம்

மின்சாரக் கீசரில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று தொட்டி உள்ளது. கடைகளில் ஸ்டோரேஜ் கீசர் என்பார்கள். 6, 10, 15, 25 லிட்டர் என்று பல அளவுகளில் வரும். பெரும்பாலும் 2 கிலோவாட் காயில் இருக்கும். தண்ணீரை முன்கூட்டியே காய்ச்சி, வெப்பம் வெளியேறாமல் உறை போட்டு வைத்திருக்கும்.

மற்றது இன்ஸ்டன்ட் கீசர். அசல் தொட்டியில்லாக் கீசரில் தண்ணீர் குழாய் வழியே ஓடும்போதே சூடாகும். நம் ஊர்க் கடைகளில் இன்ஸ்டன்ட் என்று விற்பதில் 1 முதல் 3 லிட்டர் வரை ஒரு சிறிய அறை இருக்கும். காயில் பெரும்பாலும் 3 கிலோவாட், சிலவற்றில் 4.5 கிலோவாட்.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்வதானால், தொட்டிக் கீசர் கிடங்கில் சரக்கு வைத்து வியாபாரம் செய்வது போன்றது. நாலு வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் வந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் கையிருப்புக்கு ஒரு செலவு உண்டு, கிடக்கிற சரக்கில் கொஞ்சம் கழிவும் உண்டு. இன்ஸ்டன்ட் கீசர், ஆர்டர் வந்தபின் வாங்கிக் கொடுப்பது போன்றது. கையிருப்புச் செலவு இல்லை. ஆனால் வருகிற வேகத்துக்குத்தான் கொடுக்க முடியும். இரண்டில் எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம் வீட்டுக் கூட்டம் எப்போது, எத்தனை பேராக வருகிறது என்பதே கேள்வி.

ஒரு வாளிக்கு எவ்வளவு?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். இது எந்தக் கம்பெனிக் கீசருக்கும் பொதுவான கணக்கு.

நம் பகுதியில் மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். ஆக ஏற்ற வேண்டியது 15 டிகிரி. 15 லிட்டர் வாளிக்கு 225 கிலோ கலோரி. அதாவது சுமார் கால் யூனிட். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.3 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 80 யூனிட்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. "இன்ஸ்டன்ட் 3 கிலோவாட் ஆயிற்றே, கரண்ட் அதிகம் இழுக்குமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். கிலோவாட் என்பது இழுக்கும் வேகம். மீட்டரில் ஓடுவது வேகமும் நேரமும் சேர்ந்தது. 3 கிலோவாட் கீசர் ஒரு வாளியை ஐந்தே கால் நிமிடத்தில் காய்ச்சும். 2 கிலோவாட் கீசர் அதே வாளிக்கு எட்டு நிமிடம் எடுக்கும். இரண்டிலும் மீட்டரில் ஏறுவது கால் யூனிட்தான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், தொட்டிக் கீசரில் பயன்படுத்தாமல் நிற்கும் வெந்நீர் மெல்ல ஆறுகிறது. அந்த இழப்பைச் சரிக்கட்ட அது திரும்பத் திரும்பக் காய்கிறது. காலையில் அரை மணிக்கு முன் போட்டு, குளித்து முடிந்ததும் அணைத்துவிடும் வீட்டில் இந்த இழப்பு மிகக் குறைவு. சுவிட்சைப் போட்டது போட்டபடி நாள் முழுதும் விடும் வீட்டில் தினமும் ஒரு தண்டச் செலவு. எரிசக்தித் திறன் வாரியத்தின் நட்சத்திர அட்டை தொட்டிக் கீசருக்கு ஒட்டப்படுவது இதற்காகத்தான். 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகும் என்பது அதில் அச்சிட்டிருக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒரே லிட்டர் அளவுள்ள இரண்டு கீசர்களின் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

காலை நேரக் கூட்டம்

இனி வேகத்தைப் பார்ப்போம். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நம் ஊர்த் தண்ணீரை 40 டிகிரிக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.9 லிட்டர் வீதம் கொடுக்கும். இரண்டு வாளி நிரம்பப் பத்தரை நிமிடம். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்ற குடும்பத்துக்கு இது தாராளம். இதே கீசரை ஊட்டிக்குக் கொண்டுபோய், அங்கே தண்ணீர் 12 டிகிரி என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும். மலையூரில் உறவினர் "இன்ஸ்டன்ட் உதவாது" என்று சொன்னால் அது அந்த ஊருக்கு உண்மை. காஞ்சிக்கு அப்படியே பொருந்தாது.

தொட்டிக் கீசரில் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்ச 2 கிலோவாட்டில் 18 நிமிடம் ஆகும். அதைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 35 லிட்டர்; இரண்டு வாளிக்குச் சற்று மேல். 25 லிட்டர் கீசர் காய அரை மணி. கலந்தால் 58 லிட்டர், ஏறக்குறைய நான்கு வாளி. வெந்நீரை எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் கலப்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும்.

ஆகவே ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் ஆறு பேர் அடுத்தடுத்துக் குளிக்க வேண்டிய கூட்டுக் குடும்பத்துக்கு 25 லிட்டர் தொட்டி ஏற்றது. வெவ்வேறு நேரத்தில் குளிக்கும் இரண்டு மூன்று பேருக்கும், சமையலறைத் தொட்டிக்கும் இன்ஸ்டன்ட் போதும். ஷவரில் குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் திருப்தி தராது.

வோல்டேஜையும் மறக்கக் கூடாது. 230 வோல்ட்டுக்குச் செய்த காயில் 200 வோல்ட்டில் முக்கால் பங்கு சூடுதான் தரும். காலையில் தெருவில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் பகுதியானால், இன்ஸ்டன்ட் கீசரில் வெதுவெதுப்பாகத்தான் வரும். தொட்டிக் கீசர் கூடுதலாகச் சில நிமிடம் எடுத்துக்கொண்டு அதே சூட்டைக் கொடுக்கும். மின்தடை வந்தாலும் முன்பே காய்ந்த தொட்டி கைகொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டையுமே ஓட்ட முடியாது.

எந்த மீட்டரில் இணைப்பது?

கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் நம்மில் பலருக்கு இது முக்கியமான செய்தி. நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 25 லிட்டர் கீசர் வாங்கினார். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். மாட்ட வந்தவர் பக்கத்தில் இருந்த லைனில் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அது கடை லைன். ஒரு குளிர்காலம் முழுதும் நாள் பூராவும் எரிந்த கீசருக்கு வணிகக் கட்டணத்தில் பணம் கட்டினார். கடையில் புதிதாக வாங்கிய குளிர்பதனப் பெட்டிதான் காரணம் என்று நினைத்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

வீட்டுக் கீசர் வீட்டு மீட்டரில்தான் இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-இல் வந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், இரு மாதப் பயனீடு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமன்றிக் கீழ்ப்படிகளுக்கும் கட்டணம் கூடியது. ஆகவே வழக்கமாக 430, 450 என்று ஓடும் வீட்டில் கீசரின் 80 யூனிட் சேரும்போது பில் எதிர்பார்த்ததற்கு மேல் ஏறலாம். பழைய மின்கணக்கு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைய கட்டண விவரத்தையும் கேட்டறிந்து முடிவு செய்வது நலம்.

இதற்கு எதிர்மாறாக, வீட்டு லைனிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இது அனுமதியற்ற உபயோகம். பிடிபட்டால் அந்த இனத்துக்குரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு மதிப்பிடுவார்கள்.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வாங்கும் கீசருக்குக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கி உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது. சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது. கடைப் பணத்தில் வாங்கினால் சொந்தப் பற்றில் எழுதிவிடுங்கள்.

தண்ணீரின் குணம்

பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களைக் கேட்டால் தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கச்சாப் பட்டின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கும்போது, உப்புத் தண்ணீரானால் சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலில் ஒட்டும். சாயமும் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பாலாற்றுத் தண்ணீரின் சிறப்பைப் பற்றி இங்கே பெருமையாகப் பேசுவது அதனால்தான். நூலுக்கு ஆகாத தண்ணீர் கீசருக்கும் ஆகாது.

போர் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடானதும் காயிலின் மேல் வெள்ளைப் படிவாகப் பிடிக்கும். படிவம் ஏற ஏறக் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல், காயிலே வெந்து அறுந்துவிடும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கையில் வைத்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டுமே ஒழிய, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. துணி சோப்பு நுரைக்க மறுத்தாலும், சோறு வடிக்கும் பாத்திரத்தில் வெள்ளை பூத்தாலும் நம் தண்ணீர் கடினமானது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்ஸ்டன்ட் கீசரில் அறை சிறியது. காயில் வேகமாகக் காய்வது. ஆகவே படிவம் அடைத்தால் பாதிப்பு சீக்கிரம் தெரியும். தொட்டிக் கீசரில் காயிலோடு தொட்டியும் அரிக்கும். இதைத் தடுக்கவே உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று வைக்கிறார்கள். அது தான் கரைந்து தொட்டியைக் காக்கும். கம்பி முழுதும் கரைந்துவிட்டால் அடுத்தது தொட்டிதான். வருடம் ஒருமுறை ஆளை அழைத்துப் படிவத்தைச் சுத்தம் செய்யவும், கம்பியைப் பார்க்கவும் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் "கம்பெனி சரியில்லை" என்று குறை கூறுவதில் பயனில்லை. சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காமல் இருந்தால் படிவமும் குறையும், மின்சாரமும் மிச்சம். 60 டிகிரித் தண்ணீர் நேராகப் பட்டால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, வெந்நீரைப் பின்னால் கலக்கப் பழக்க வேண்டும்.

கேஸ் கீசர் பற்றி ஓர் எச்சரிக்கை

அசல் தொட்டியில்லா வகையில் நம் ஊரில் கிடைக்கும் இன்னொன்று கேஸ் கீசர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரை கொடுக்கும். மின்தடையிலும் பேட்டரியில் பற்றிக்கொள்ளும். ஒரு வாளிக்கு எரிவாயு சுமார் 25 கிராம். கணக்குப் பார்த்தால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் உயிர் ஆபத்து இருக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவருக்குத் தலை சுற்றும். உதவிக்குக் கூப்பிடுமுன் நினைவு தப்பும். நம்மோடு வியாபாரத்தில் உள்ள ஒருவரின் மகள், மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது இப்படி விழுந்தாள். வாளி விழுந்த சத்தம் கேட்டுக் கதவை உடைத்ததால் பிழைத்தாள். அந்த வீட்டில் மறுநாளே கீசரைக் கழற்றிவிட்டார்கள். நம் வேண்டுகோள் இதுவே: கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்ட வேண்டாம். வாங்கியே தீர வேண்டுமென்றால், வெளியே காற்றோடும் இடத்தில் மாட்டிக் குழாய் வழியே வெந்நீரை உள்ளே கொண்டுவர வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். தனியாக 16 ஆம்பியர் பவர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும், தனி எம்.சி.பி.யும் வேண்டும். 4.5 கிலோவாட் ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும் என்பதால் பிளக்கே கூடாது. கனமான கம்பியில் நேரடி இணைப்புத் தர வேண்டும். பழைய ஓட்டு வீட்டு வயரிங்கில் இதைச் செய்யுமுன், வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

எர்த் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டிவிட்டால், உடம்பில் மின்சாரம் பாயத் தொடங்கியவுடன் அது லைனைத் துண்டித்துவிடும். கீசர் விலையோடு பார்த்தால் இது சிறிய செலவே. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிய பிறகே வாளியில் கை வைக்க வேண்டும்.

தொட்டிக் கீசரின் அடியில் உள்ள சேஃப்டி வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிவதைக் கண்டு சிலர் துணியைச் சுற்றி அடைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் பழுதாகி வால்வும் அடைத்திருந்தால் நீராவி அழுத்தத்தில் தொட்டியே வெடிக்கும். கசிந்தால் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கீசரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். பில்லில் மாடலும் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையை பில்லோடு சேர்த்துக் கடைக் கோப்பில் வையுங்கள். தொட்டிக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

முடிவாக

வாங்கப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். காலை ஒரு மணி நேரத்தில் எத்தனை வாளி வெந்நீர் வேண்டும்? இரு மாத மின்கணக்கு எத்தனை யூனிட்டில் நிற்கிறது? காலையில் வோல்டேஜ் எப்படி? தண்ணீர் போரா, குழாயா?

மூன்று வாளிக்குள் என்றால், வோல்டேஜும் சரியாக இருந்தால், இன்ஸ்டன்ட். நான்குக்கு மேல் என்றாலோ வோல்டேஜ் இறங்கும் தெரு என்றாலோ தொட்டி. அதுவும் தேவைக்கு மேல் ஒரு லிட்டர் பெரிதாக வேண்டாம். தொட்டி வாங்கினால் குளித்து முடித்தவுடன் அணைக்கும் பழக்கம் கூடவே வர வேண்டும். போர் தண்ணீரானால், எதை வாங்கினாலும் வருடாந்தரப் பராமரிப்புச் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பங்குனி பிறந்தால் நம் ஊர் வெயிலில் மேல்தொட்டித் தண்ணீரே சுடும். கீசருக்கு வேலை வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்காக வாங்கும் பொருளில் பணத்தை அதிகம் முடக்காமல், மிச்சத்தை எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் நல்ல கம்பிக்கும் செலவிடுங்கள். வியாபாரத்தில் ஏற்படும் நஷ்டத்தை அடுத்த பண்டிகையில் ஈடுகட்டிவிடலாம். குளியலறையில் ஏற்படும் நஷ்டத்தை எந்தப் பண்டிகையிலும் ஈடுகட்ட முடியாது.